பத்தாவது மீன்

மன்னிப்புக் கேட்டால் மனசு லேசாகும் என்பார்கள். போன சனிக்கிழமை பல் டாக்டரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த கேரண்டிக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரமாகச் சாப்பாடு தொண்டையில் நின்று நின்றுதான் இறங்கியது.

கேரண்டி என்பது அவருடைய பெயர் அல்ல. முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பழுது பார்த்து முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டே, "இனிமே நடுவுல நிக்காது, நான் கேரண்டி" என்பார். பெரும்பாலும் நிற்கவும் நிற்காது. அதனால் பெயர் ஒட்டிக்கொண்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, அந்த வாய் ஓய்வு பெறவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது. டாக்டரம்மாவின் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருப்பவள் கேரண்டியின் மகள், பெரியவள். காத்திருக்கும் இடத்தில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. ஊசிக்குப் பயந்து அழும் குழந்தைகள் வேடிக்கை பார்க்கட்டும் என்று வைத்தது. அதில் மோலி மீன்கள் ஆணும் பெண்ணுமாகக் கலந்து கிடந்து, குட்டி மேல் குட்டி போட்டு, தொட்டி பள்ளிக்கூடம் விட்ட தெரு மாதிரி ஆகிவிட்டது. இனிமேல் பெருகாமல் இருக்க வழியுண்டா என்று டாக்டரம்மா கேட்க, பெரியவள் தன் தம்பி மனைவியைக் கைகாட்டினாள்.

அந்த மருமகள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவள். கல்யாணமாகி வந்தபோது அவள் கொண்டுவந்த சாமான்களில் பாதி மீன் தொட்டி. கணவன் கப்பல் வேலைக்குப் போய்விட்ட மாதங்களில், வேலைவிட்டு வந்ததும் அவள் உட்காருகிற இடமும் அந்தத் தொட்டிகளின் முன்னால்தான். டாக்டரம்மாவின் மீன்களையெல்லாம் வீட்டுக்கு எடுத்துவந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்தாள். ஆண்களைத் தெரிந்தவர்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, பத்துப் பெண் மீன்களை மட்டும் திருப்பி அனுப்பினாள். கொண்டுபோய் விட்டவர் கேரண்டி.

ஐந்தாவது வாரம் அந்தத் தொட்டியில் இருபத்து மூன்று குட்டிகள்.

ஆண் இல்லாத தொட்டியில் குட்டி எப்படி என்று பல்வலிக்காரர்கள் கூடச் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அடுத்த மாதம் கீழ்த் தளத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு திறக்கிறார். அங்கே வரப்போகும் ஐந்தடித் தொட்டியை அமைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மருமகளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சை மட்டும் நிறுத்திவைத்து, மீன் கடைக்காரர் ஒருவரை வந்து பார்க்கச் சொன்னார்.

அந்த இடத்தில்தான், அன்று அங்கே வந்திருந்த கேரண்டி முந்திக்கொண்டார். "சின்னப் பொண்ணு, ஆண் எது பெண் எதுன்னு தெரியாம கலந்துட்டா. மன்னிச்சிடுங்க டாக்டர்."

மருமகள் அப்போது பக்கத்தில் இல்லை. ஆனால் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள், பெரியவளும் இருந்தாள். சாயங்காலத்துக்குள் அது வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மருமகள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், பதிலுக்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐந்தடித் தொட்டிக்காக அவள் அளவெடுத்து வரைந்து சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த தாளை மட்டும் கழற்றிவிட்டாள்.

இன்று சனிக்கிழமை. மீன் கடைக்காரர் பத்து மணிக்கு வருகிறார். மருமகளையும் வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா.

காலையில் கேரண்டி தன் பழைய கருவிப் பையைத் திறந்தார். லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது பயன்படுத்தும் டார்ச் அதில் இருந்தது. மீன் பார்க்க வெளிச்சம் வேண்டுமே என்றுதான். மருமகள் கேட்கவில்லை, அவராக எடுத்தார். டார்ச்சோடு நான்காக மடித்த தாள் ஒன்றும் வெளியே வந்தது.

பிரித்துப் பார்த்தார். மருமகளின் கையெழுத்து. எண் போட்டு ஐந்து குறிப்புகள். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு மேல் தீனி போடக் கூடாது. நான்காவது குறிப்பு இப்படி இருந்தது:

'இவை இதுவரை ஆண் மீன்களோடு இருந்தவை. பெண் மோலி ஒருமுறை சேர்ந்தால் போதும், ஆணின் விந்தை உடம்பில் சேமித்து வைத்துக்கொண்டு சில மாதங்களுக்குத் திரும்பத் திரும்பக் குட்டி போடும். மூன்று நான்கு தடவை வரலாம். பிறகு நின்றுவிடும். குட்டிகளை எனக்குக் கொடுத்துவிடவும்.'

அதன் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

கேரண்டி அதை மறுபடியும் படித்தார். மீனோடு சேர்த்து இந்தத் தாளையும் அவள் கொடுத்தது இப்போது நினைவுக்கு வந்தது. குறிப்புத் தாள் எல்லாம் வேலை தெரியாதவர்களுக்கு என்பது அவர் தொழிலில் வந்த எண்ணம். முப்பத்தோரு வருடத்தில் எந்த இயந்திரத்தோடு வந்த தாளையும் அவர் படித்ததில்லை. அன்று தோளில் மாட்டியிருந்த இந்தக் கருவிப் பைக்குள் செருகிவிட்டு, டாக்டரம்மாவிடம் வாயாலேயே சொல்லிவிட்டு வந்தார். "இனிமே ஒரு குட்டி கூட வராது, நான் கேரண்டி." அன்று மாலை, தாளைக் கொடுத்தீர்களா மாமா என்று மருமகள் கேட்டதற்கு, கொடுத்தாச்சும்மா என்று சொன்னதும் அவரேதான்.

மனைவி அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று முழுவதையும் படித்தாள்.

"படிச்சிட்டுப் பையில போட்டீங்களா, படிக்காமலே போட்டீங்களா?"

"படிக்காமத்தான்."

"தப்பிச்சீங்க. படிச்சிட்டுப் போட்டிருந்தா இன்னைக்கு இந்த வீட்ல உங்களுக்குக் குடிக்கத் தண்ணி கிடையாது." தாளை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். "எங்க போய் அவளைச் சொன்னீங்களோ, அங்கயே போய் இதையும் சொல்லுங்க. இங்க என்கிட்ட முழிச்சுப் பிரயோஜனம் இல்லை."

பேருந்தில் மருமகளுக்கு அடுத்த இருக்கை கிடைத்தும் அவர் சொல்லவில்லை. மருத்துவமனைக் கட்டடத்தின் லிஃப்ட்டில் இருவர் மட்டுமே ஏறினார்கள். சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அந்த லிஃப்ட்டைப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டவர் அவர். இரண்டாவது தளத்துக்குப் போக இருபத்திரண்டு விநாடி ஆகும் என்பது அவருக்குத் தெரியும். வாயைத் திறந்தார். "ஓரத் தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டு ரெண்டு மாசம் ஆகியிருக்கும் போல. கீச்சுனு கத்துது பார்" என்றார். மருமகள் ஆமாம் மாமா என்றாள். கதவு திறந்துவிட்டது.

மீன் கடைக்காரர் முன்னதாகவே வந்திருந்தார். நல்ல உடம்பு, நல்ல சிரிப்பு. இருபது வருடமாக இதே தொழில் என்று பெரியவளிடம் சொல்லி முடித்திருந்தார். தொட்டிக்கு முன்னால் குனிந்து, ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது, இரண்டு மீன்களைக் காட்டினார். ஒன்றுக்கு முதுகுத் துடுப்பு பெரிதாகப் பாய்மரம் போல இருந்தது. இன்னொன்று ஒல்லியான கறுப்பு.

"ரெண்டும் ஆண். வேற என்ன வேணும்? குட்டி இதுங்க வேலைதான்."

டாக்டரம்மா மருமகளைப் பார்த்தார். சிகிச்சை அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கன்னம் வீங்கிய ஒருவர், குழந்தையை மடியில் வைத்த ஒரு தாய், இன்னும் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். பெரியவள் பதிவேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

மருமகள் பையிலிருந்து ஒரு கண்ணாடிப் பெட்டியை எடுத்தாள். உள்ளங்கை நீளம், ஒரு விரல் அகலம். மீன் உள்ளே போனால் திரும்ப முடியாது, பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். கடையில் வீணாகிப்போன கண்ணாடித் துண்டுகளை அவளே தேய்த்து ஒட்டியது. அதில் தொட்டித் தண்ணீரை நிரப்பினாள். கறுப்பு மீனை வலையால் துரத்தாமல், ஒரு டம்ளரை மெதுவாக உள்ளே விட்டு, அது தானாக நுழையும்வரை காத்திருந்தாள். காத்திருந்தவர்கள் எல்லாரும் அவளோடு சேர்ந்து காத்திருந்தார்கள். கன்னம் வீங்கியவர் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"கையில பிடிச்சா மேல இருக்கிற வழவழப்பு போயிடும், அப்புறம் நோய் வரும்" என்று அந்தத் தாயிடம் சொன்னாள். பிறகு கடைக்காரரைப் பார்த்தாள். "அண்ணா, முதுகையும் உடம்பையும் பார்த்தா ஏமாந்துடுவோம். அடிவயித்துக்குப் பின்னால இருக்கிற துடுப்பைத்தான் பாக்கணும். பெண்ணுக்கு அது விசிறி மாதிரி விரியும். ஆணுக்குச் சுருண்டு குச்சி மாதிரி பின்னால நீட்டிக்கிட்டு இருக்கும். கறுப்புல கண்ணுக்குச் சட்டுனு தெரியாது."

கேரண்டி கேட்கும் முன்பே டார்ச்சைப் பெட்டியின் பின்னால் பிடித்தார். மருமகள் தான் தொழிலுக்கு வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கடைக்காரரிடம் நீட்டினாள்.

கடைக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு இன்னொரு கண்ணால் பார்த்தார்.

"விசிறிதான்" என்றார்.

பாய்மரத் துடுப்புக்காரியும் விசிறி. அடுத்ததும் விசிறி. ஒவ்வொன்றாக டம்ளரில் வந்து, பெட்டியில் நின்று, வெளிச்சத்தில் வயிற்றைக் காட்டிவிட்டு, ஒரு வாளிக்குப் போனது. ஆறாவது மீன் வருவதற்குள் கடைக்காரரே குனிந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மீன் முடிந்தது. பெரியவள் மேஜையை விட்டு எழுந்து வந்து, கன்னம் வீங்கியவரிடம், அவர் கேட்காமலே, "என் தம்பி மனைவி" என்றாள்.

கேரண்டிக்கு நெஞ்சு அகலமாகிக்கொண்டே போனது. சட்டைப் பையில் இருந்த தாள்தான் குத்தியது.

டாக்டரம்மா நியாயமான கேள்வியைக் கேட்டார். "எல்லாம் பெண்ணுன்னே வச்சுக்குவோம். அப்போ குட்டி எப்படிம்மா வந்தது?"

"அதைத்தான் காகிதத்துல எழுதியிருந்தேனே டாக்டர். நாலாவதா."

"எந்தக் காகிதம்?"

மருமகள் திரும்பினாள். மாமனாரை ஒரே ஒரு முறை பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது அவருக்கும் விளங்கியது. அவர் அடுத்த அடி விழப்போகிறது என்று நின்றார். அவளோ டாக்டரம்மா பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில், "பரவாயில்லை டாக்டர், எங்கயோ தவறியிருக்கும். இப்போ வாயாலயே சொல்லிடறேன்" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருப்பார். அவரை மறைத்துப் பேசியதுதான் தாங்கவில்லை.

"தவறலை" என்றார் கேரண்டி. டார்ச்சை அணைத்து மேஜைமேல் வைத்தார். தாளை எடுத்து டாக்டரம்மாவின் கையில் கொடுத்தார். "எங்கயும் தவறலை டாக்டர். என் பையிலதான் இருந்தது. இவ எழுதிக் கொடுத்தா, நான் படிக்கலை. படிக்காம, ஒரு குட்டி வராதுன்னு உங்ககிட்ட வாயை விட்டேன். குட்டி வந்ததும், இவளுக்குத் தெரியலைன்னு சொல்லி நான் ஒதுங்கிட்டேன்."

 அவர் நிறுத்தவில்லை. காத்திருந்தவர்கள் பக்கமும் திரும்பினார், போன வாரம் யார் இருந்தார்கள், யார் இல்லை என்று பார்க்கவில்லை.

"போன வாரம் இதே இடத்துல நான் கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கறேன். அது இவ கேக்க வேண்டிய மன்னிப்பு இல்லை. நான் இவகிட்ட கேக்க வேண்டியது." மருமகளைப் பார்த்தார். "மன்னிச்சுக்கோம்மா."

"விடுங்க மாமா, டார்ச்சைப் பிடிங்க. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றாள் அவள். ஒரு வாரத்தில் அவரோடு அவள் பேசிய மிக நீளமான பேச்சு அது. அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டார்.

டாக்டரம்மா நான்காவது குறிப்பை இரண்டு முறை படித்தார். கடைக்காரரிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டு, தன் கடையிலும் தனியாக வைத்த பெண் மீன்கள் குட்டி போட்டதுண்டு என்றும், கடைப் பையன்கள் வலையை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று இத்தனை வருடம் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்ததாகவும் ஒப்புக்கொண்டார்.

பத்தாவது மீன் எல்லாவற்றிலும் சின்னது. சாம்பல் நிறத்தில் கறுப்புப் புள்ளி. பெட்டிக்குள் வந்து நின்றது. கேரண்டி வெளிச்சத்தைப் பிடித்தார். இவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த பெருமை அவர் வாய்வரை வந்துவிட்டது. "இதுவும் பெண்ணுதான் டாக்டர், எங்க மருமக பிரிச்சா நான்—"

"மாமா, இருங்க."

அவள் உருப்பெருக்கியைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். மற்ற ஒன்பதுக்கும் எடுத்த நேரத்தைவிட இதற்கு எடுத்தது அதிகம்.  பெரியவள் தன் தம்பி மனைவியின் முகத்தையும் டாக்டரம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஐந்தடித் தொட்டி இந்த ஒரு சொல்லில் இருக்கிறது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். பெண் என்று சொன்னால் முடிந்தது. மறுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

மருமகள் நிமிர்ந்தாள்.

"இது எனக்குத் தெரியலை டாக்டர்."

பெட்டியை டாக்டரம்மா பக்கம் நீட்டினாள்.

"நான் பிரிச்சப்போ இது ரொம்பச் சின்னது. விசிறியாத்தான் இருந்தது. இப்போ முன் ஓரம் கொஞ்சம் தடிச்சு நீண்டிருக்கு. சில ஆண் மீன் ரொம்ப நாள் பெண் மாதிரியே இருந்துட்டு, தாமதமாத்தான் மாறும். இது அப்படியும் இருக்கலாம். துடுப்பு எங்கயாவது கிழிஞ்சு ஒட்டிக்கிட்டதாவும் இருக்கலாம். இன்னைக்கு நான் எதைச் சொன்னாலும் யூகம்தான். மூணு வாரம் தனியா வச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்."

கடைக்காரர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "எங்க கடையில நாங்க இந்த வார்த்தையே சொல்றதில்லைம்மா. தெரியலைன்னு சொன்னா வந்தவங்க அடுத்த கடைக்குப் போயிடுவாங்க."

டாக்டரம்மா தாளை மடித்துத் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். "ஒரு பல்லைப் படம் எடுத்துப் பார்த்துட்டு, இப்போ சொல்ல முடியாது, ஆறு வாரம் கழிச்சு வாங்கன்னு நானும் அனுப்பறேன். அதுக்காக எனக்குத் தொழில் தெரியாதுன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை." கன்னம் வீங்கியவர் அவசரமாகத் தலையாட்டினார். "திங்கக்கிழமை கடை முடிஞ்சதும் கீழ்த் தளத்துக்கு வந்துட்டுப் போம்மா. தொட்டியை எந்தச் சுவரோரம் வைக்கணும், வெயில் படாத இடம் எதுன்னு நீதான் சொல்லணும். ஆசாரி செவ்வாய்க்கிழமை வர்றார்."

அடுத்த நோயாளியை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பெரியவள் மருமகளின் அருகில் வந்தாள். எதையோ சொல்ல நினைத்து, சொல்லாமல், ஈரமாகியிருந்த அவள் முழங்கைகளைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். "எங்க வீட்டுக்கு வந்து உங்க அண்ணன்கிட்ட சொல்லு, நான் சொன்னா நம்ப மாட்டார்" என்றாள். தன் கணவனைச் சொல்கிறாள். போன வாரம் மிக அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். மருமகள், சரி அண்ணி, பெட்டியையும் கொண்டுவரேன் என்றாள்.

ஒன்பது மீன்களும் தொட்டிக்குத் திரும்பின. இருபத்து மூன்று குட்டிகள் ஒரு வாளியில் வீட்டுக்குக் கிளம்பின, பெரிய மீன்கள் விழுங்காமல் இருக்க அதுதான் வழி. பத்தாவது மீன் மட்டும் வாயகன்ற ஜாடி ஒன்றில். வாளியை மருமகள் எடுத்துக்கொண்டாள். ஜாடியைக் கேரண்டி யாருக்கும் கொடுக்கவில்லை.

லிஃப்ட் வாசலில் கடைக்காரர் ஓடிவந்தார். மருமகளின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கினார். கேரண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஒரு விஷயம் பேசணும்மா. இங்க வேண்டாம். கண்ணாடிக் கடையில உன்னை வாரத்துல எத்தனை நாள் வெளி வேலைக்கு விடுவாங்கன்னு மட்டும் யோசிச்சு வை" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்பதற்குள் படியில் இறங்கிப் போய்விட்டார். மருமகளின் புருவம் சுருங்கியது. கேரண்டி கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு அவர் இன்றுதான் பழக ஆரம்பித்திருந்தார்.

திரும்பும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. மருமகள் ஜன்னலோரம், காலிடுக்கில் வாளி. கேரண்டி ஜாடியை மடியில் வைத்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். தண்ணீர் சிந்தி வேட்டி நனைந்தது. அவர் கவலைப்படவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

காய்கறிப் பையோடு நின்றிருந்த ஒரு பெண்மணி குனிந்து பார்த்தாள். "அழகா இருக்கே. என்ன மீன்ங்க?"

"மோலி."

"ஆணா, பெண்ணா?"

கேரண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜாடியை அந்த அம்மாளுக்கு நன்றாகத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். பின் இருக்கை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"தெரியலைங்க. எங்க மருமகளே இன்னும் தெரியலைன்னுதான் சொல்லியிருக்கா."